நாரையும் ஒப்புகை அட்டையும்

2018ஆம் ஆண்டின் ஐப்பசி மழையில் தொடங்கி அடுத்த ஆண்டின் சித்திரை வெயில்வரை, கும்பகோணத்தில் ஒரு படிப்பகத்தின் மாடி அறையில் ஞாயிறுதோறும் நாங்கள் இருவர் ஒரு வகுப்பு நடத்தினோம். வகுப்பு என்று சொல்வதுகூடச் சற்று மிகைதான். தரவுத் தொடர்பும் கணினி வலையமைப்பும் என்ற தாளில் ‘அரியர்’ வைத்திருந்த ஒன்பது மாணவர்கள், கால் ஆடும் ஒரு கரும்பலகை, ஒரு பழைய மடிக்கணினி, கீழே யாரோ செய்தித்தாள் புரட்டும் ஓசை. அவ்வளவே. பிழைப்புக்கு வலையமைப்பையும் பிழைத்திருப்பதற்கு இலக்கியத்தையும் நம்பியவர்கள் நாங்கள். படிப்பகத்தை நடத்திவந்த பெரியவர் கேட்டுக்கொண்டதால் ஒப்புக்கொண்டோம்.

முதல் நாள் அவர்களுக்கு என்ன தெரியும் என்று பார்த்தோம். எல்லாம் தெரிந்திருந்தது. ஏழு அடுக்குகளின் பெயர்களைக் கீழிருந்து மேலாகவும் மேலிருந்து கீழாகவும் ஒப்பித்தார்கள். முதலெழுத்துகளைக் கோத்து நினைவில் வைக்க ஓர் ஆங்கில வாக்கியமும் வைத்திருந்தார்கள். ஒவ்வோர் அடுக்கின் பணிகளும் எண்ணிட்டு வரிசையாக வந்தன. “எதற்காக ஏழு? எல்லாம் ஒன்றாகவே இருந்தால் என்ன கெட்டுவிடும்?” என்று கேட்டோம். அறை அமைதியானது. சற்று நேரம் கழித்து ஒருவன் தயக்கத்தோடு சொன்னான்: “சார், அது சிலபஸ்ல இல்ல.”

அவன் கேலி செய்யவில்லை. அந்தத் தாளில் அவன் இருமுறை தோற்றிருந்தான். அந்த ஏழு பெயர்களும் அவனுக்கு எட்டுத் திக்குப் பாலகர்களின் பெயர்களைப் போல. அவர்கள் எதைக் காக்கிறார்கள் என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. அன்று வீடு திரும்பும்போது எங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்தோம். ஏழு அடுக்கை மறந்துவிட்டு, ஒரு செய்தி எத்தனை விதமாகக் கெட்டுப்போக முடியும் என்பதிலிருந்து தொடங்குவது.

கடைசி வரிசையில், சன்னலோரம், அந்தமானிலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவன் இருந்தான். தமிழ்க் குடும்பம், தாத்தா காலத்திலேயே போர்ட் பிளேரில் குடியேறியவர்கள். பட்டத்துக்கும் அவனுக்கும் நடுவே நின்றது இந்த ஒரு தாள்தான். முதல் ஐந்து வாரங்களும் அவன் ஒரு சொல்லும் பேசவில்லை.

*

இரண்டாம் வாரம் கரும்பலகையில் ‘அம்மா’ என்று எழுதினோம். எத்தனை எழுத்து என்று கேட்டால் மூன்று என்றார்கள். நம் இலக்கணப்படி அதுவே சரி. யூனிகோடுக்கோ அது ஐந்து: அ, ம, புள்ளி, மறுபடி ம, பிறகு துணைக்கால். இன்று இணையத்தில் பெரிதும் வழங்கும் யூ.டி.எஃப்-8 என்னும் குறிமுறையில் இந்த ஐந்தும் தலைக்கு மூன்று பைட் எடுத்துக்கொள்கின்றன. ஆக 15 பைட். பைட்டுக்கு எட்டு பிட் என்று கணக்கிட்டால் 120 பிட். முதலில் நிற்கும் ‘அ’ மட்டும் 11100000 10101110 10000101 என்று ஆகிறது. அதை அப்படியே பலகையில் எழுதிப்போட்டோம். ஒரு பெண் அந்த எண்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இதப் பாத்தா அம்மாவோட மொத எழுத்துன்னு யாருக்குத் தெரியும்?” என்றாள்.

யாருக்கும் தெரியாது. தரவுத் தொடர்பின் முதல் பாடமே அதுதான். 1948இல் கிளாட் ஷானன் தம் புகழ்பெற்ற கட்டுரையில் செய்தியின் பொருளைப் பொறியியலின் கவலையிலிருந்து விலக்கி வைத்தார். கம்பிக்கு அம்மாவும் தெரியாது, அவதூறும் தெரியாது. செம்பில் மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. கண்ணாடி இழையில் ஒளி மின்னி மறைகிறது. காற்றில் வானொலி அலை தன் கோலத்தை மாற்றிக்கொள்கிறது. பொருளாவது இரு முனையிலும் இருப்பவர்கள் முன்கூட்டியே செய்துகொண்ட ஓர் உடன்பாட்டினால். அந்த உடன்பாட்டுக்கே நெறிமுறை என்று பெயர்.

உடன்பாடு இல்லாதபோது என்ன ஆகும் என்பதை எங்கள் தலைமுறை கண்ணால் கண்டது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் தமிழ் இணைய இதழ்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் எழுத்துருவை வைத்திருந்தன. அதை இறக்கி நிறுவாதவர் திரையில் ஒரு நல்ல சிறுகதைகூட ஐரோப்பிய மொழிகளின் கொம்பும் புள்ளியும் வைத்த எழுத்துகளின் குப்பையாக வந்து விழும். ஒரு பிட் கூடத் தொலைந்திருக்காது. எல்லாம் வந்து சேர்ந்திருக்கும். ஆயினும் கதை வந்திருக்காது. தந்தி அலுவலகங்களில் வாழ்த்துச் செய்திகளுக்கு எண்கள் இருந்ததையும் சொன்னோம். அனுப்புகிறவர் எண்ணைக் குறிப்பிட்டால் போதும். பெறுகிற ஊரில் முழு வாக்கியமாக எழுதித் தருவார்கள். இரு அலுவலகங்களிலும் ஒரே பட்டியல் இருந்ததால் திருமண வீட்டுக்குத் திருமண வாழ்த்தே போனது. தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிவுக்கு வந்தது. அன்று அந்த அறையில் இருந்த ஒருவரும் தந்தி ஒன்றைக் கையில் வாங்கியவர்கள் அல்லர். ஆனால் பட்டியலின் அவசியம் அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

*

அடுத்த பாடம் பொட்டலம். தொலைபேசியின் பழைய முறையில் இருவர் பேசும்போது அவர்களுக்கென ஒரு பாதை முழுவதுமாக ஒதுக்கப்பட்டுவிடும். பேசினாலும் மௌனமாக இருந்தாலும் பாதை அவர்களுடையதே. நடுவில் ஓர் இணைப்பகம் அழிந்தால் அதன் வழியே போன பேச்சு முழுதும் அறும். அணு ஆயுதப் போர் ஒன்று மூண்டால் அமெரிக்காவின் தொலைத்தொடர்பு எப்படித் தப்பிப் பிழைக்கும் என்ற கேள்வியோடு 1960களின் தொடக்கத்தில் ராண்ட் நிறுவனத்தில் இருந்த பால் பரன் ஒரு விடை கண்டார். செய்தியைச் சிறு துண்டுகளாக வெட்டி, வலைபோலப் பின்னிய பாதைகளில் தனித்தனியே அனுப்புவது; ஒரு வழி அறுந்தால் மறுவழி. இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் டொனால்ட் டேவிஸ், பரனின் வேலையை அறியாமலேயே, 1965 அளவில் இதே முடிவுக்கு வந்தார். ‘பாக்கெட்’ என்று அதற்குப் பெயரிட்டவர் அவரே.

இதை விளக்க எங்களுக்கு ஒரு நாரை கிடைத்தது. சத்திமுற்றப் புலவரின் பாட்டைப் பள்ளியிலேயே படித்தவர்கள் அவர்கள். சத்திமுற்றம் கும்பகோணத்துக்குப் பக்கத்தில், பட்டீசுவரத்தை ஒட்டிய ஊர். “எங்க ஊருக்குப் பக்கம் சார்” என்று ஒருவன் முகம் மலர்ந்தான். மதுரையில் குளிரில் நடுங்கியபடி, வறுமையில் வாடும் மனைவிக்குச் செய்தி அனுப்புகிறார் புலவர். அந்தப் பாட்டைத் தூதாகப் படிக்காமல் பொட்டலமாகப் பிரித்துப் பாருங்கள் என்றோம். பெறுநர் முகவரி இருக்கிறது: சத்திமுற்றத்துக் குளம், அந்த ஊரில் மழையில் நனைந்த சுவர் கொண்ட கூரை வீடு, அதில் பல்லி சொல்லுக்குக் காத்திருக்கும் பெண். அனுப்புநர் முகவரி இருக்கிறது: பாண்டியனின் கூடல். உள்ளே செய்தி இருக்கிறது: இப்படி ஓர் ஏழையைக் கண்டோம் என்பது. வழி மட்டும் இல்லை. அதை நாரையிடமே விட்டுவிடுகிறார். அதிலும், நீங்கள் வடக்கே போவதாக இருந்தால் என்று ஒரு நிபந்தனையோடு. போவேன் என்று நாரை வாக்குக் கொடுக்கவில்லை.

இணையத்தின் அடித்தளமான ஐ.பி. நெறிமுறை இந்த நாரையைப் போன்றதே. முகவரியை வாங்கிக்கொள்ளும், முடிந்தவரை முயலும், வாக்குறுதி தராது. பொட்டலம் தொலையலாம், வரிசை மாறி வரலாம், இருமுறையும் வரலாம். வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் முகவரியைப் பார்த்து அடுத்த கைக்கு மாற்றிவிடுகிறது. முழு வழியும் அதற்குத் தெரியாது. தவறான குறிப்புகளால் ஒரு பொட்டலம் வட்டமடித்துக்கொண்டே இருந்துவிடாதபடி அதன் தலைப்பில் ஓர் எண் எழுதப்படுகிறது. 255க்கு மிகாத அந்த எண்ணை ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்று குறைக்கும். பூச்சியம் ஆனதும் பொட்டலம் வீசியெறியப்படும். “ஆயுசு எழுதி அனுப்புறாங்க” என்றான் சத்திமுற்றத்துக்காரன். அதைவிட நல்ல விளக்கம் எங்களிடம் இல்லை.

அடுக்குகள் ஏன் என்ற கேள்விக்கும் அன்றே வந்தோம். நாம் எழுதும் கடிதத்தை உறைக்குள் இடுகிறோம். உறை சாக்குப் பைக்குள் போகிறது. பைக்கு ஒரு சீட்டு. அதில் அடுத்த பிரிப்பு நிலையத்தின் பெயர். அங்கே பை அவிழ்க்கப்பட்டு, கடிதம் வேறொரு பைக்குள் போய், வேறொரு சீட்டோடு வேறொரு ரயில் ஏறுகிறது. பையின் சீட்டு ஒவ்வொரு நிலையத்திலும் மாறும். உறையின் முகவரி கடைசிவரை மாறாது. பை தூக்குபவர் உறையைப் படிக்க வேண்டியதில்லை. உறையைப் பிரித்து அடுக்குபவர் கடிதத்தைப் படிக்க வேண்டியதில்லை. ரயிலுக்குப் பதில் லாரி வந்தாலும் கடிதம் எழுதுபவர் தம் எழுத்தை மாற்ற வேண்டியதில்லை. அதற்காகத்தான் அடுக்குகள். மாணவர்கள் மனப்பாடம் செய்த ஏழு அடுக்கு மாதிரி 1984இல் பன்னாட்டுத் தரமாக வெளிவந்தது. நடைமுறையில் இணையம் ஓடுவது 1983 ஜனவரி 1 அன்று ஆர்ப்பாநெட் ஏற்றுக்கொண்ட டி.சி.பி./ஐ.பி. என்னும் எளிய அடுக்குமுறையின் மீது. ஏழா, நான்கா, ஐந்தா என்பது அடிப்படைக் கேள்வியே இல்லை. ஒருவர் வேலை மற்றவர் தலையில் விழாமல் இருக்க எங்கே கோடு கிழிப்பது என்பதே கேள்வி. இதைச் சொன்னபோது சிலர் முகத்தில் கோபம் தெரிந்தது. நாலு வருடமாக இதை யாரும் சொல்லவில்லையே என்ற கோபம்.

*

வாக்குறுதி தராத ஒன்றின் மீது வங்கிக் கணக்கும் ரயில் முன்பதிவும் எப்படி நடக்கின்றன? இங்கே ஒப்புகை அட்டை வருகிறது. பதிவுத் தபாலோடு இளஞ்சிவப்பு நிறத்தில் ஓர் அட்டை போய், பெற்றவர் கையெழுத்தோடு நமக்கே திரும்பி வந்த காலத்தை நாங்கள் கண்டிருக்கிறோம். டி.சி.பி. நெறிமுறை செய்வது அதையே. ஒவ்வொரு துண்டுக்கும் வரிசை எண் இடுகிறது. மறுமுனை ஒப்புகை அனுப்புகிறது. குறித்த நேரத்துக்குள் ஒப்புகை வராவிட்டால் அதே துண்டை மறுபடி அனுப்புகிறது. ஈதர்நெட்டில் ஒரு சட்டகத்தின் உள்ளே வழக்கமாக 1500 பைட் போகலாம். தலைப்புகளுக்கு 40 பைட் ஒதுக்கினால் செய்திக்கு மிஞ்சுவது 1460. இந்தக் கட்டுரையைச் சுருக்காமல் அனுப்பினால் பல பொட்டலங்கள் ஆகும். அதில் பதினேழாவது மட்டும் தொலைந்தால் நீங்கள் அறியாமலே அது மறுபடி கேட்டு வாங்கப்பட்டு, பதினாறுக்கும் பதினெட்டுக்கும் இடையில் செருகப்பட்டிருக்கும்.

வழியில் ஒரு பிட் புரண்டால்? அனுப்புகிறவர், பேரேட்டின் அடியில் கூட்டுத்தொகை எழுதுவதுபோல, செய்தியிலிருந்து கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கடைசியில் சேர்க்கிறார். பெறுகிறவர் தாமும் கணக்கிட்டுப் பார்க்கிறார். பொருந்தாவிட்டால் அந்தத் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு மௌனமாக இருக்கிறார். ஒப்புகை வராததால் அனுப்பியவர் திரும்ப அனுப்புகிறார். பிழைக்கு மருந்து பெரும்பாலும் மறுபடி சொல்வதுதான்.

அப்போது ஒரு மாணவி நாங்கள் எதிர்பார்த்துக் காத்திருந்த கேள்வியைக் கேட்டாள்: “ஒப்புகையே தொலைஞ்சு போனா?”

பழைய புதிர் ஒன்றைச் சொன்னோம். இரு குன்றுகளில் ஒரே அணியின் இரண்டு படைத்தலைவர்கள். இடையே பள்ளத்தாக்கில் பகைவர். இருவரும் ஒரே நேரத்தில் தாக்கினால் வெற்றி. ஒருவர் மட்டும் போனால் அழிவு. முதலாமவர் விடியலில் தாக்குவோம் என்று தூதனை அனுப்புகிறார். தூதன் பிடிபட்டிருக்கலாம், எனவே பதில் வரும்வரை அவர் அசையமாட்டார். இரண்டாமவர் சரி என்று பதில் அனுப்புகிறார். அந்தப் பதில் சேர்ந்ததா என்று தெரியும்வரை அவரும் அசையமாட்டார். பதிலுக்குப் பதில், அதற்கும் பதில். எத்தனை தூதர்கள் பள்ளத்தாக்கைக் கடந்தாலும் கடைசித் தூதனை அனுப்பியவருக்கு அந்தச் சந்தேகம் தீராது. தூதன் தொலையக்கூடிய பாதையில் முழு உறுதி கிட்டாது என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை. ஆகவே டி.சி.பி. மூன்றோடு நிறுத்திக்கொள்கிறது. பேசலாமா என்கிறது ஒரு முனை. பேசலாம், நான் சொல்வது கேட்கிறதா என்கிறது மறுமுனை. கேட்கிறது என்கிறது முதல்முனை. அதற்கு மேல் நம்பிக்கை. தொலைந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு.

*

ஆறாம் வாரம் ஹவாய்க்குப் போனோம். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் 1971இல் தீவுகளில் இருந்த முனையங்களை ஹொனலூலுவின் கணினியோடு வானொலி வழியே இணைத்தார்கள். அலோஹாநெட் என்பது அதன் பெயர். எல்லாத் தீவுகளுக்கும் பேச ஒரே அலைவரிசை. யார் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் குழம்பிப்போகும், ஒப்புகை வராது. அப்போது இருவரும் உடனே மறுபடி பேசினால் மறுபடி குழம்பும். ஆகவே ஒவ்வொருவரும் தற்செயலான ஏதோ ஒரு நேரம் காத்திருந்து பிறகு பேச வேண்டும். இந்தச் சுதந்திரத்துக்கு விலை உண்டு. கணக்கிட்டுப் பார்த்தால் அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18 சதவீதமே பயன்படும். 1973இல் ஈதர்நெட்டை வடிவமைத்த ராபர்ட் மெட்காஃப் இதிலிருந்தே தொடங்கினார். பேசுமுன் காது கொடு. பேசும்போதும் காது கொடு. மோதினால் நிறுத்தி ஒதுங்கி நில் என்பன அவரும் டேவிட் பாக்ஸும் சேர்த்த ஒழுக்கங்கள்.

பலகையில் இரண்டு தீவுகளை வரைந்து, இருவரும் ஒன்றாகப் பேசி ஒன்றாக நிறுத்தி மீண்டும் ஒன்றாகத் தொடங்குவதைக் கோடுகளால் காட்டிக்கொண்டிருந்தோம். சன்னலோரத்திலிருந்து குரல் வந்தது. “சார், எங்க வீட்டுக்குப் போன் பேசினா இப்படித்தான் இருக்கும்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தமான் மாணவன் எழுந்து நின்றிருந்தான்.

“நான் பேச ஆரம்பிப்பேன். அதே நேரத்துல அம்மாவும் ஆரம்பிச்சிருப்பாங்க. ரெண்டு பேரும் நிறுத்துவோம். யாரும் பேசலியேன்னு ரெண்டு பேரும் திரும்ப ஆரம்பிப்போம். ஒரு மாசம் அப்படியே போச்சு சார். அப்புறம் எங்கம்மா ஒண்ணு கண்டுபிடிச்சாங்க. பேசி முடிச்சதும் ‘சரியா’ன்னு சொல்வாங்க. அது கேட்டப்புறந்தான் நான் பேசணும். நானும் முடிச்சிட்டு ‘சரியா’ சொல்லணும்.”

நாங்கள் சற்று நேரம் பேசவில்லை. ஒரு முறைச்சீட்டை வைத்துக்கொண்டு, அது யாரிடம் இருக்கிறதோ அவரே பேசலாம் என்று வகுத்த வலையமைப்புகள் உண்டு. ‘டோக்கன்’ முறை என்று அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதற்கு இலக்கணம் எழுதச் சொன்ன கேள்விக்கு விடை எழுதாமல்தான் அவன் போன முறை மதிப்பெண் இழந்திருந்தான்.

ஏன் அப்படி ஆகிறது என்று கேட்டோம். தெரியவில்லை, சிக்னல் சரியில்லை என்றான். பலகையைத் துடைத்துவிட்டு அவனையே அழைத்துக் கணக்குப் போட வைத்தோம். அந்தமானுக்கும் பெருநிலத்துக்கும் இடையே அன்று செயற்கைக்கோளே வழி. அது நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருப்பது. குரல் மேலே போய்க் கீழே வர வேண்டும். ஏறத்தாழ 71,600 கிலோமீட்டர். ஒளியின் வேகம் நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர். வகுத்தால் 0.24 நொடி. கேள்வி போய்ப் பதில் வர அதன் இரு மடங்கு. அவன் சாக்குக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு 0.48 என்ற எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். “அப்போ சிக்னல் எவ்வளவு நல்லா இருந்தாலும் இந்த அரை நொடி போகாதா சார்?” போகாது என்றோம். எத்தனை பெரிய குழாய் போட்டாலும் தண்ணீர் ஊரிலிருந்து ஊருக்கு வரும் நேரம் வேறு, ஒரு நொடியில் எத்தனை குடம் விழும் என்பது வேறு. முன்னது தாமதம், பின்னது பேண்ட்வித். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் வலையமைப்பில் பாதி படித்தவர். தொலைந்த துண்டை மறுபடி கேட்டு வாங்கும் முறை கடிதத்துக்குப் பொருந்தும். பேச்சுக்குப் பொருந்தாது என்பதும் அங்கேயே விளங்கியது. விட்டுப்போன ஓர் அசையை அரை நொடி கழித்துக் கொண்டுவந்து கொடுத்தால் யாருக்கு என்ன பயன்? அதனால்தான் குரலை ஒப்புகை கேட்காத யூ.டி.பி. வழியே விடுகிறார்கள்.

அந்த நாளுக்குப் பிறகு அவன் முன் வரிசைக்கு வந்துவிட்டான்.

*

கடைசி வாரங்களில் நெரிசலைப் பேசினோம். எங்களுக்கு இத்துறையில் மிகவும் பிடித்த பகுதி அது. 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, நானூறு கஜ தூரத்தில், நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு திடீரென 40 பிட்டுக்குச் சரிந்தது. ‘அம்மா’ என்று அனுப்ப மூன்று நொடி. கம்பி அறவில்லை, இயந்திரம் பழுதாகவில்லை. நெரிசலில் பொட்டலங்கள் தொலைந்தன, தொலைந்ததை உணர்ந்த ஒவ்வொரு கணினியும் கடமை உணர்வோடு மறுபடி அனுப்பியது, அதனால் நெரிசல் கூடியது, இன்னும் தொலைந்தன. தேர்த்திருவிழாவில் வழி அடைபட்டதும் பின்னாலிருப்பவர்கள் தள்ளுவார்களே, அப்படி.

வான் ஜேக்கப்சன் கண்ட தீர்வு 1988இல் வெளியானது. நடுவில் காவலர் யாரையும் அவர் நிறுத்தவில்லை. ஒவ்வொரு முனையும் சிறிதாகத் தொடங்கட்டும். ஒப்புகைகள் வரவர அளவைக் கூட்டட்டும். ஒன்று தொலைந்தால், யாரோ நெரிசலில் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு தன் வேகத்தைத் தானே வெகுவாகக் குறைக்கட்டும். அதற்குப் பின் வந்த முறைகள் பலப்பல. ஆனால் அவற்றின் உயிர்நிலை இதுதான். கோடானுகோடிக் கருவிகள் இன்றும் அவரவர் வேகத்தை அவரவரே அடக்கிக்கொள்வதால்தான் இணையம் நிற்கிறது. ஏழு அடுக்குகளை வினாத்தாளில் இறக்கி வைக்கும் நம் பாடத்திட்டத்தில் இந்தப் பெருந்தன்மைக்கு அரைப் பக்கம் கிடைப்பதே அரிது.

மே மாதம் தேர்வு நடந்தது. வினாத்தாளைக் கொண்டுவந்து காட்டினார்கள். முதல் பெரிய வினா ஏழு அடுக்குகளின் பணிகளை விவரிக்கச் சொன்னது. நாரைக்கோ செயற்கைக்கோளுக்கோ அதில் இடமில்லை. ஒன்பது பேரில் ஏழு பேர் தேறினார்கள். தேறாத இருவரில் ஒருத்தி, ஒப்புகை தொலைந்தால் என்ன என்று கேட்டவள். அந்த வருத்தம் எங்களுக்கு இன்னும் இருக்கிறது. அவள் அடுத்த முறை தேறினாள் என்பது அதைக் குறைக்கவில்லை.

அந்தமான் மாணவன் தேறிவிட்டான். முடிவு வந்த மறுநாள் படிப்பகத்துக்கு வந்தவன், நாங்கள் கேட்காமலே ஒன்று சொன்னான். மூன்று பருவங்களாக இந்தத் தாளில் தோற்றதை அவன் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. அம்மா ஒவ்வொரு முறையும் எல்லாப் பேப்பரும் பாஸா என்று கேட்பார். பதில் சொல்லுமுன் அவனுக்கு ஒரு தயக்கம் வரும். செயற்கைக்கோளின் அரை நொடியில் அந்தத் தயக்கம் கரைந்துவிடும் என்று நம்பியிருந்தான். கணக்குப் போட்ட அன்றுதான் தான் எதன் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தோம் என்று அவனுக்குத் தெரிந்ததாம். தேறிய செய்தியோடு பழைய தோல்விகளையும் அன்று இரவு அம்மாவிடம் சொல்லிவிட்டான்.

“அம்மா என்ன சொன்னாங்க?” என்றோம்.

“அப்பவே தெரியும்னாங்க சார். பாஸ்னு சொல்லும்போது மட்டும் நான் ‘சரியா’ சொல்லாமலே முடிச்சிருக்கேன். அவங்க அதுக்காகக் காத்துக்கிட்டே இருந்திருக்காங்க.”

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி ஒளியிழை பயன்பாட்டுக்கு வந்தது. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். வகுத்தால் 0.0115 நொடி, போய்வர 0.023. அவன் அப்போது சென்னையில் வேலையில் இருந்தான். சில வாரங்கள் கழித்து எங்களை அழைத்தான். அம்மாவின் குரல் இப்போது பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் வருகிறது என்றான். குறுக்கே பேசுகிறார், திட்டுகிறார், அவன் முடிக்குமுன் சிரிக்கிறார்.

“இன்னும் ‘சரியா’ சொல்றாங்களா?” என்று கேட்டோம்.

“சொல்றாங்க சார். நானும் சொல்றேன்.”

பேசி முடித்ததும் எங்களிடமும் சொன்னான். அவன் அழைப்பை வைப்பதற்குள் சரி என்று பதில் சொன்னோம். அது அவன் காதில் விழுந்ததா என்பது எங்களுக்குத் தெரியாது.